செவி நரம்புக் கழலை

இரவு நலமாக உறங்கச் சென்ற ஒருவர்க்குக் காலையில் எழும்போது ஒரு காது கேளாது போதல் உண்டு. சளி பிடித்ததன் விளைவென்றும், குறும்பி அடைத்ததென்றும் எண்ணிப் பலர் வாளாவிருப்பர். உட்செவியிலோ செவி நரம்பிலோ நேர்ந்த கேடாயின், அவ்வாறு நாள் கடத்துதல் பேரிழப்பாக முடியும். மூன்று நாட்களுக்குள் இங்ஙனம் செவிப்புலன் பெரிதும் குன்றுவதையே திடீர்க் கேளாமை என மருத்துவர் வழங்குவர்.

இந்நோயுற்றோருள் பத்தில் ஒன்பதின்மர்க்குக் காரணம் இன்னதெனத் துணிய இயல்வதில்லை. நூற்றுவருள் ஒருசிலர்க்கு மட்டும் செவி நரம்பில் வளரும் கழலை காரணமாக அமைகிறது.

அக்கழலை யாது? மூளையினின்று புறப்படும் பன்னிரண்டு இணை நரம்புகளுள் எட்டாவது, செவிக்குரியது. அதன் ஒரு கிளை ஒலியையும், மற்றொரு கிளை உடலின் சமநிலையையும் மூளைக்கு உணர்த்தும். நரம்பிழைகளுக்கு உறையாக அமைந்த உயிரணுக்கள், அவற்றை விளக்கிய செர்மானிய அறிஞர் தியோடோர் சுவான் (1810–1882) பெயரால் வழங்குகின்றன. அவ்வணுக்கள் அளவிறந்து பெருகுவதே இக்கழலை. இது பெரும்பாலும் சமநிலைக் கிளையில் தோன்றுவது. ஆயினும் நெடுங்காலம் கேள்வி நரம்புக் கழலை என்றே பெயர் பெற்றிருந்தது. 1991இல் அமெரிக்காவில் கூடிய மருத்துவ அறிஞர் அவை, உண்மைக்கேற்பப் பெயரைத் திருத்துமாறு பரிந்துரைத்தது. இது பிற உறுப்புகளுக்குப் பரவுவதன்று. ஆதலின் தமிழில் இதனைப் புற்று என்னாது கழலை என்பதே பொருந்தும்.

சமநிலைக் கிளையில் தோன்றுவது கேள்வியைக் கெடுப்பது எவ்வாறு? இரு கிளைகளும், முக நரம்பும், உட்செவிக்குக் குருதி கொணரும் நுண்குழாயும், ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள எலும்புக் குடைவின் வழியே செல்கின்றன. அக்குறுகிய இடத்தில் கழலை வளர்ந்தால் அருகிலுள்ளவை நெருக்குண்ணும். பலர்க்குக் கேள்வி சிறிது சிறிதாகக் குறையும். குருதியோட்டம் தடைப்படின் திடீரெனவும் குறையலாம்.

திடீர்க் கேளாமைக்கு ஸ்டீராய்டு மருந்தை விரைந்து, இரு வாரங்களுக்குள் தொடங்குதல் நன்று. ஈண்டு ஒன்றை மறத்தலாகாது. கழலை உள்ளவர்க்கும் இம்மருந்தால் செவிப்புலன் மீள்வதுண்டு. குணமாயிற்றென எண்ணிச் சோதனையைக் கைவிடுவோர், உள்ளே வளர்வதை அறியார். காந்த அதிர்வுப் படமே அதனைத் தெளிவாகக் காட்டும்.

ஆர்வி குசிங் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் இக்கழலை பற்றி 1917இல் நூல் வெளியிட்டார். பார்வையும் நடையும் கெட்ட பின்னரே பலர் மருத்துவரை நாடிய காலம் அது. இன்றோ சில மில்லிமீட்டர் அளவிலேயே கண்டுவிடலாம். சிறிய கழலை பல, ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டரே வளரும். சில வளர்வதே இல்லை. ஆதலின் ஆண்டுதோறும் படமெடுத்துக் கண்காணித்தலே சிலர்க்குப் போதும். பிறர்க்குக் கதிர்ச் சிகிச்சையோ அறுவையோ வேண்டப்படும்.

காது மீண்டும் கேட்பது நற்செய்தியே. எனினும், கேளாமைக்குரிய காரணம் நீங்கிற்று என்பதற்கு அது சான்றாகாது.