தலைப்பாகைக்கு விலக்கு: சரியா, சலுகையா?

கோரமண்டல், மாரிக்குப்பம் ரயில் நிலையங்களில் விடியற்காலையில் பெங்களூர் வண்டியைப் பிடிக்க ஓடுகிறவர்களில் பலர் கையில் ஹெல்மெட் தொங்கும். ஸ்கூட்டரோடு விட்டால் திருட்டுப் போய்விடும் என்று பெங்களூர் வரை சுமந்து செல்கிறவர்களும் உண்டு.

தங்கவயல்காரர்களுக்குத் தலைக்கவசம் புதிது அல்ல. 2001 பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்படும் வரை அதை அணிந்து கீழே இறங்கிய குடும்பங்கள் இவை. 3 கிலோ மீட்டருக்கும் அதிக ஆழம் கொண்ட சாம்பியன் ரீப் சுரங்கத்தில் பாறை வெடித்தால், அது யாருடைய மதத்தையும் கேட்டதில்லை.

ரோட்டில் சட்டம் கேட்கிறது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு, இரு சக்கர வண்டியில் போகிறவர்கள் ஹெல்மெட் அணியவேண்டும் என்கிறது. தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு மட்டும் அதே பிரிவில் விலக்கு. மற்றவர் பிடிபட்டால் 1,000 ரூபாய் அபராதம், 3 மாதம் லைசென்ஸ் ரத்து என்கிறது 2019-ம் ஆண்டுத் திருத்தம்.

"சபரிமலைக்கு மாலை போட்டுத் தலையில் துண்டு கட்டினால் நம்மை விடுவார்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் துண்டை அவிழ்த்துப் பையில் வைத்துவிடலாம். 1699-ல் குரு கோவிந்த் சிங் கால்சாவை ஏற்படுத்திய நாளில் இருந்து, அந்த வழியில் சேர்ந்தவர் தலைமுடியை வெட்டுவதில்லை. அதை மூடும் தலைப்பாகையைப் பலர் முன்னிலையில் கழற்றுவது அவருக்கு அவமானம். அதன்மேல் ஹெல்மெட் ஏறாது. நமக்குச் சிறு தொல்லையாக இருக்கும் அதே சட்டம், அவரைப் பார்த்து "வண்டியா, மதமா?" என்று கேட்கிறது. சட்டம் பெரும்பாலோர் அளவுக்குத்தான் தைக்கப்படுகிறது; வெளிமாநிலத்தில் பிழைக்கிற தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மேலும், அவர் விழுந்தால் உடைவது அவர் தலை. பிரேக் இல்லாத வண்டியை ஓட்ட மதத்தின் பேரில் விலக்குக் கேட்டால் கொடுக்க முடியுமா? முடியாது. அதில் சாகிறவர் அடுத்தவர்.

கனடா ரயில்வே வழக்கு

இங்கிலாந்தில் 1973-ல் ஹெல்மெட் கட்டாயம் ஆனது. 1976-ல் சீக்கியருக்கு விலக்குத் தந்தார்கள். கட்டிட வேலை இடங்களுக்கும் 1989-ல் அதே விலக்கு வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: அங்கே தலையில் அடிபட்டால், ஹெல்மெட் போட்டிருந்தாலும் ஏற்பட்டிருக்கக் கூடிய காயத்துக்கு மட்டுமே நஷ்ட ஈடு. விலக்கு வேண்டுமா, அதன் சுமையையும் நீயே ஏற்றுக்கொள் என்கிற கணக்கு. கண்டிப்பான கணக்குத்தான், ஆனால் நேர்மையானது.

கனடாவில் நடந்தது வேறு. டொராண்டோவில் கனடிய தேசிய ரயில்வேயின் பெட்டிகள் பராமரிக்கும் யார்டில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர் பிந்தர் என்ற சீக்கியர். 1978-ல் நிர்வாகம் அங்கே தலைக்கவசத்தைக் கட்டாயம் ஆக்கியது. அவர் தலைப்பாகையைக் கழற்ற மறுத்தார். வேலை போயிற்று. 1985-ல் சுப்ரீம் கோர்ட்டும் கைவிட்டது. 1990-ல் வேறொரு வழக்கில் அதே கோர்ட்டு, பிந்தர் வழக்கில் பின்பற்றிய அணுகுமுறை சரியல்ல என்று கூறியது. போன வேலைக்கு அது என்ன ஆறுதல்?

சண்டிகாரில்

விலக்கு தலைப்பாகையை விட்டு மதத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டால் கோணல் ஆகிவிடுகிறது. டில்லியில் 2014-ல் பெண்களுக்கும் ஹெல்மெட் கட்டாயம் ஆனபோது, சீக்கியப் பெண்களுக்குத் தலைப்பாகை இல்லாவிட்டாலும் விலக்குக் கிடைத்தது. சண்டிகாரில் 2018 ஜூலையில் தலைப்பாகை கட்டிய சீக்கியப் பெண்களுக்கு மட்டுமே விலக்கு என்று உத்தரவு போட்டார்கள். சீக்கிய அமைப்புகள் எதிர்த்தன. அக்டோபரில் மத்திய உள்துறை தலையிட்டு எல்லா சீக்கியப் பெண்களுக்கும் விலக்கு என்றது.

ஜூலை உத்தரவே நியாயமானது. பின்னல் போட்ட இரண்டு பெண்கள் ஒரே ஸ்கூட்டரில் வருகிறார்கள். ஒருவர் சீக்கியர், மற்றவர் இந்து. ரசீதுப் புத்தகத்தோடு நிற்கும் போலீஸ்காரர் யாருக்கு அபராதம் எழுதுவார்?