உங்களுக்குத் தெரியுமா? துளை ஒன்றுதான், வேலை ஒன்றல்ல!

லேப்டாப்பின் யு.எஸ்.பி-சி துளையில் கேபிளைச் செருகியும் மானிட்டரில் படம் வரவில்லையா? மானிட்டர் பழுது என்று அவசரப்பட்டு முடிவுகட்டாதீர்கள். அந்தத் துளையின் வடிவம் எல்லா லேப்டாப்பிலும் ஒன்றுதான். ஆனால் சிலவற்றில் அது தகவலை மட்டுமே கடத்தும். சிலவற்றில் சார்ஜும் ஏற்றும். படம் வர வேண்டுமானால், 2014-இல் அறிமுகமான ‘டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்’ அல்லது தண்டர்போல்ட் வசதி அதில் இருந்தாக வேண்டும். துளைக்கு அருகே குறி எதுவும் இல்லாமலும் இருக்கலாம். அதனால் உங்கள் மாடலின் விவரப் பட்டியலைப் பார்ப்பதே உறுதியான வழி.

கேபிளும் ஏமாற்றும். போன் சார்ஜருடன் வரும் கேபிள்கள் பலவற்றில் படத்தைக் கடத்தும் அதிவேகக் கம்பிகளே கிடையாது!

எச்.டி.எம்.ஐ-யில் சிக்கல் வேறு மாதிரி. படம் வந்துவிடும், மவுஸ் அம்பு மட்டும் திக்கித் திக்கி நகரும். 2009-இல் வந்த 1.4 பதிப்பு, 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கும். 2013-இல் வந்த 2.0 பதிப்பு 60 முறை புதுப்பிக்கும். நாள் முழுக்கத் திரையைப் பார்ப்பவர்களின் கண்ணுக்கு இந்த வித்தியாசம் பெரிது. லேப்டாப், அடாப்டர், மானிட்டர் ஆகிய மூன்றில் ஒன்று பழையதாக இருந்தாலும் வேகம் 30-க்கு இறங்கிவிடும். 4கே மானிட்டர் வாங்கும் முன் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

எத்தனை மானிட்டர் இணைக்கலாம் என்பதும் லேப்டாப்பைப் பொறுத்ததே. 2020-இல் வந்த எம்1 மேக்புக் ஏர், அதிகாரபூர்வமாக ஒன்றை மட்டுமே ஏற்கும்.

இணைத்த பின், விண்டோஸ் விசையுடன் ‘பி’ எழுத்தை அழுத்தி ‘எக்ஸ்டெண்ட்’ தேர்ந்தெடுங்கள். இரண்டு திரையிலும் தனித்தனி வேலை பார்க்கலாம்.