பாறைமேல் கட்டினால் போதுமா?

“பாறைமேல நிக்குற கட்டடம் சார், அசையாது” என்றார் மேஸ்திரி. கல்வராயன் மலையில் நான் பணியாற்றிய பள்ளியில் அப்போது புதிய வகுப்பறை எழும்பிக்கொண்டிருந்தது. நானும் நம்பினேன். இரண்டு மழைக்காலம் கழித்துச் சுவரில் சாய்வாக ஒரு விரிசல் ஓடியது. பிள்ளைகளைத் தாழ்வாரத்துக்கு மாற்றினோம். பிறகுதான் காரணம் தெரிந்தது: மேட்டுப்பக்கம் பாறையில் இருந்தது, பள்ளத்துப்பக்கம் கொட்டி நிரப்பிய மண்ணில் இருந்தது. மண் அமுங்கியது; பாறை அமுங்கவில்லை.

இம்மலையின் சார்னோகைட், நைஸ் பாறைகளுக்கு ஒரு வகுப்பறையின் எடை பெரிதே அல்ல. சிக்கல் சரிவில் இருக்கிறது. 30 பாகைச் சரிவில் எடையில் பாதி கீழ்நோக்கி இழுக்கும். சைன் 30 என்பது 0.5 அல்லவா! தடுத்து நிறுத்துவது உராய்வு மட்டுமே. இடையில் மழைநீரும் களிமண்ணும் புகுந்தால் அதுவும் குறைந்துவிடும்.

எனவே சிதைந்த மேல்பாறையை நீக்கி, படிக்கட்டுபோல் மட்டமாக வெட்டுவார்கள். எடை நேராகக் கீழே இறங்கும். கூடுதல் பிடிப்புக்குப் பாறையில் துளையிட்டு, தூசியை ஊதி, கம்பியை இறக்கிச் சிமெண்ட் கூழால் இறுக்குவார்கள்; கம்பியின் மேல்பகுதி அஸ்திவாரக் கான்கிரீட்டுக்குள் இருக்கும். பாறையிலேயே சரிவின் போக்கில் பிளவு இருந்தால், கம்பி அதைத் தாண்டி இறங்க வேண்டும். இல்லையேல் கம்பியோடு சேர்ந்து மேல் பாளமே நழுவும். அஸ்திவாரத்தின் கீழ் விளிம்பிலிருந்து சரிவின் மேற்பரப்புவரை கிடைமட்டமாகப் பாறையில் குறைந்தது 60 செ.மீ., மண்ணில் 90 செ.மீ. இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி ஐ.எஸ். 1904.

சாய்தளப் பாடத்தில் இதைச் செய்து காட்டுகிறேன். பலகைமேல் செங்கல்லை வைத்து மெல்ல உயர்த்தி, நழுவத் தொடங்கும் கோணத்தைக் குறிக்கச் சொல்வேன். அதன் டேன் மதிப்பே உராய்வுக் குணகம். அடுத்து, பலகையில் ஈரக் களிமண் பூசிவிட்டு மறுபடி உயர்த்துவோம். செங்கல் முன்னதாகவே வழுக்கிவிடும். கடைசியாகச் செங்கல்லின் கீழ்ப்புறம் இரண்டு ஆணி அடித்துவிட்டால், எவ்வளவு உயர்த்தினாலும் நழுவாது. பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது அந்த ஆணிதான்.

உங்கள் பள்ளியில் கட்டட வேலை நடந்தால், வானம் திறந்திருக்கும்போதே போய்ப் பாருங்கள். கான்கிரீட் போட்டபின் எதுவும் தெரியாது. பாதி பாறை, பாதி மண் என்று கண்டால் வேலையை நிறுத்தச் சொல்லிப் பொறியாளரை அழையுங்கள். நான் அன்று அழைக்கவில்லை.