தோள் கொடுக்கும் தொல்லை

பளு தூக்கும் மோகம் பரவப் பரவ, இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும் தோள்வலியும் பரவுகிறது. பெரும்பாலோருக்குத் தேவை கத்தியல்ல, பொறுமை.

ஜிம்மில் எதுவும் தெரிவதில்லை. உடம்பு சூடாக இருக்கும்வரை தோளும் ஒத்துழைக்கிறது. இரவு விளக்கை அணைத்து, பழகிய பக்கமாகத் திரும்பிப் படுத்த பிறகுதான் ஆரம்பம்: தோளின் வெளிப்புறத்தில் தொடங்கி மேல்கை வரை இறங்கும் குடைச்சல். மறுபக்கம் புரண்டால், கை மார்பின் குறுக்கே விழுந்து அங்கிருந்தும் இழுக்கிறது. காலையில் சட்டைக்குள் கையை நுழைப்பதற்குள் முகம் கோணுகிறது. ஆனாலும் மாலையில் மறுபடி பெஞ்ச் பிரஸ். வலித்தால்தான் வளரும் என்பது ஜிம்களின் வேதவாக்கு.

உண்மையில் தோள் அந்த வேதவாக்குக்குக் கட்டுப்பட்ட மூட்டு அல்ல. உடம்பிலேயே அதிகம் சுழலக்கூடியது அது. அதற்குக் கொடுக்கும் விலை, உறுதியின்மை. இடுப்பு மூட்டு கிண்ணத்தில் உட்கார்ந்த பந்து என்றால், தோள் மூட்டு தட்டில் வைத்த எலுமிச்சம்பழம். அது உருண்டுவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பவை ரொடேட்டர் கஃப் எனப்படும் நான்கு சிறு தசைகள். இவற்றில் மேலே இருப்பதன் தசைநாண், எலும்புக்கூரைக்கு அடியில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் ஓடுகிறது. கண்ணாடியில் தெரியும் மார்பையும் புஜத்தையும் வளர்ப்பதில் மும்முரமாக இருப்பவர்கள், கண்ணாடியில் தெரியாத இந்த நால்வரைக் கவனிப்பதில்லை. பெரிய தசைகள் இழுக்கிற இழுப்புக்குச் சின்னவை ஈடுகொடுக்க முடியாமல் திணறுகின்றன. கையைப் பக்கவாட்டில் 60 டிகிரியிலிருந்து 120 டிகிரி வரை உயர்த்தும்போது மட்டும் சுருக்கென்று வலித்தால், சந்தேகம் முதலில் இவற்றின் மேல்தான் விழும்.

சில பயிற்சிகள் இதற்கென்றே பேர் பெற்றவை. கழுத்துக்குப் பின்னால் பாரை இறக்குவது, முழங்கைகளைத் தோளுக்கு நேராக விரித்து பெஞ்ச் பிரஸ் செய்வது, பாரை மோவாய்வரை செங்குத்தாக இழுக்கும் அப்ரைட் ரோ. முழங்கையை விலாவை நோக்கிச் சற்று ஒடுக்கி, பிடியைக் கொஞ்சம் குறுக்கினாலே பலருக்கு வலி குறைகிறது. தள்ளும் பயிற்சிக்குச் சமமாகவாவது இழுக்கும் பயிற்சி வேண்டும். ரப்பர் பட்டையை வைத்துக்கொண்டு கையை வெளிப்புறமாகத் திருப்பும் அற்பமான பயிற்சி யாரையும் கவராது. ஆனால் அந்த நால்வரில் சிலருக்குச் சோறு போடுவது அதுதான்.

சாம்பியன்களுக்கும் இதிலிருந்து விலக்கில்லை. மணிப்பூரின் மீராபாய் சானு, டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தயாரான காலத்தில் தோள், முதுகுத் தொல்லைகளுக்காக 2020ன் பிற்பகுதியில் அமெரிக்காவுக்குப் போனார். அங்கே பளுதூக்கும் அனுபவமுள்ள பிசியோதெரபிஸ்ட் ஆரோன் ஹோர்ஷிக்கிடம் சிகிச்சை பெற்றார். 2021 ஏப்ரலில் தாஷ்கண்டில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 119 கிலோ தூக்கி உலக சாதனை. ஜூலையில் டோக்கியோவில் மொத்தம் 202 கிலோ, வெள்ளிப் பதக்கம். (நம் கர்லாக் கட்டையை 'இந்தியன் கிளப்' என்று 19ம் நூற்றாண்டில் பிரிட்டனுக்குக் கொண்டுபோனவர்கள் வெள்ளைக்காரர்கள். இன்றைய ஜிம்களில் அதைக் காண்பது அபூர்வம்.)

கத்திக்கு அவசரமில்லை

எலும்பு உரசுவதால்தான் தசைநாண் நைந்துபோகிறது என்று அமெரிக்க நிபுணர் சார்லஸ் நீர் 1972ல் எழுதினார். அந்த எலும்பைச் சீவிவிடும் அறுவை சிகிச்சை பிற்பாடு உலகெங்கும் வாடிக்கையாயிற்று. 2018ல் வந்தது அடி. பிரிட்டனில் 300க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த சோதனையில், ஒரு பிரிவினருக்கு எலும்பைச் சீவினார்கள். இன்னொரு பிரிவினருக்குக் கருவியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, எதையும் சீவாமல் மூடினார்கள். குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை. அதே ஆண்டில் பின்லாந்து ஆய்வும் இதையே சொன்னது. 2019ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டி நெறி, இத்தகைய வலிக்கு இந்த ஆபரேஷன் வேண்டாம் என்று அழுத்தமாகப் பரிந்துரைத்தது. எம்.ஆர்.ஐ. படத்தில் 'கிழிசல்' என்று பார்த்ததும் கதிகலங்கவும் வேண்டியதில்லை. வலியே இல்லாத முதியவர்கள் பலரின் தோளிலும் கிழிசல் உண்டு.

அப்படியானால் வழி? எடையைக் குறைப்பது, வலிக்கும் பயிற்சியை மட்டும் நிறுத்துவது, பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சியை சுமார் மூன்று மாதம் விடாமல் செய்வது. முழு ஓய்வு தோளை இறுக்கிவிடும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக்கை விழுங்கிவிட்டு ஜிம்முக்குப் போவது படுமோசம். வலி மறைகிறது, காயம் மறைவதில்லை. வயிறும் சிறுநீரகமும் தனியாகக் கணக்கு எழுதிக்கொள்கின்றன.

படுக்கையில் செய்ய வேண்டியது சுலபம், பழகுவதுதான் கஷ்டம். மல்லாந்து படுக்கும்போது தோளுக்குள் அழுத்தம் குறைவு. முழங்கைக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றை வைத்தால் தோள் பின்னால் சரியாது. பக்கவாட்டில்தான் தூக்கம் வரும் என்பவர்கள், வலியில்லாத பக்கம் படுத்து, வலிக்கும் கையை மார்போடு அணைத்த தலையணை மேல் வைத்துக்கொள்ளலாம். கையைத் தலைக்கு மேல் தூக்கியோ தலைக்கடியில் மடக்கியோ தூங்குவதும் குப்புறப் படுப்பதும் ஆகாது.

எல்லாத் தோள்வலிக்கும் ஜிம்மைக் குறை சொல்லவும் முடியாது. நீரிழிவுக்காரர்களுக்குத் தோள் இறுகிப்போகும் 'ஃப்ரோசன் ஷோல்டர்' மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. 2023ல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவுக்காரர்கள் 10 கோடிக்கும் மேல். வேறொருவர் பிடித்துத் தூக்கினாலும் கை எழவில்லை என்றால் சர்க்கரையைப் பரிசோதிப்பது நல்லது. 'சடக்' என்ற சத்தத்துக்குப் பின் கை சட்டென்று துவண்டாலோ, வலியோடு காய்ச்சல் இருந்தாலோ டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. இடது தோளில் வலியோடு வியர்வை, மூச்சுத்திணறல், மார்பில் இறுக்கம் என்றால் எலும்பு டாக்டரைத் தேட வேண்டாம். நேராக, இதய நோய்க்குச் சிகிச்சை தரும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு.