வெயில் காலத்தில் அங்சி மலை ஏறும் முன்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு உலு பெண்டுல் வனப் பூங்காவில் வந்து இறங்குகிறவர்களைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அரைக்கால் சட்டை, ஜிம்முக்குப் போடும் மெல்லிய காலணி, கையில் அரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல். பலருக்குப் பையே இருக்காது. இவர்களுடைய தாத்தா பாட்டிகள் லாபுவிலோ சிலியாவிலோ சுவா பெத்தோங்கிலோ ரப்பர்ப் பால் வெட்டியவர்களாக இருந்திருந்தால், இந்த நேரத்துக்கெல்லாம் மங்குகளில் பாலை எடுக்க வாளியோடு கிளம்பியிருப்பார்கள். பேரப்பிள்ளைகள் அப்போதுதான் மலை ஏறத் தொடங்குகிறார்கள்.

நெகிரி செம்பிலான் மலைகள் உயரத்தால் மிரட்டுபவை அல்ல. கோலப்பிலா சாலையோரம் இருக்கும் அங்சி 825 மீட்டர். ரெம்பாவில் இருக்கும் குனோங் டத்தோ ஏறத்தாழ 885 மீட்டர். மாநிலத்திலேயே உயரமான பெசார் ஹந்துவும் 1,500 மீட்டரைத் தொடவில்லை. இங்கே ஆளைச் சாய்ப்பது ஈரக்காற்றும் நேரம் தவறுவதும்தான். பையில் எது முதலில் போக வேண்டும் என்பதையும் இந்த இரண்டுதான் தீர்மானிக்கின்றன. கடைக்காரர் காட்டும் பட்டியலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நிழல் இருந்தும் சூடு

மேட்டில் ஏறும்போது தசைகள் செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் நம்மைத் தூக்குகிறது. மீதி எல்லாம் சூடாக உடம்புக்குள் தேங்குகிறது. அதை வெளியேற்ற நம் தட்பவெப்பத்தில் இருக்கும் பெரிய வழி வியர்வை. வியர்வை வழிந்து சொட்டினால் பயனில்லை. தோலிலேயே ஆவியானால்தான் சூடு குறையும். காட்டுக்குள் நிழல் உண்டு, காற்றோட்டம் இல்லை. காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருக்கிறது. சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் ஓடும், ஆனால் உடம்பு குளிர்ந்திருக்காது. ‘நிழலில்தானே நடக்கிறோம்’ என்கிறவர்கள் இந்தக் கணக்கைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

மலை மேலே போனால் குளிரும் என்பதும் பாதி உண்மைதான். ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி என்ற அளவில் வெப்பம் குறையும். அங்சி உச்சியில் அடிவாரத்தைவிட நான்கைந்து டிகிரி குறைவாக இருக்கலாம். அந்த உச்சியை அடைவதற்குள்தான் பாடு.

தோட்டப் பாதைகளில் நடப்பவர்களுக்கு வேறு தொல்லை. செம்பனை மறுநடவு செய்த இடங்களில் கன்றுகள் வளர்ந்து நிழல் தர சில ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை செம்மண் சாலை அடுப்புக் கல்லாகச் சுடும். வளர்ந்த செம்பனைக்கு அடியில் வெயில் விழாது, காற்றும் நகராது.

மலேசிய வானிலை ஆய்வுத்துறை மூன்று நாள் தொடர்ந்து அதிகபட்ச வெப்பம் 35 டிகிரியிலிருந்து 37 டிகிரி வரை இருந்தால் முதல் நிலை எச்சரிக்கை கொடுக்கிறது. நம் நாட்டில் பதிவான உச்ச வெப்பம் பெர்லிஸ் சுப்பிங்கில் 1998 ஏப்ரலில் பதிவான 40.1 டிகிரி. அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. முதல் நிலை எச்சரிக்கை வந்த வாரத்திலேயே மலைப் பயணத்தைத் தள்ளிப் போடலாம். மலை ஓடிப் போகாது.

இன்னொன்று, வெயிலுக்கு உடம்பு பழக ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் ஆகும். ஆறு நாள் குளிர்சாதன அறையில் உட்கார்ந்துவிட்டு ஏழாம் நாள் மலை ஏறுகிறவர், வயது இருபத்தைந்தே ஆனாலும், பழகாத உடம்போடுதான் ஏறுகிறார். முந்தைய வாரங்களில் மாலை வெயிலில் முக்கால் மணி நேரம் வேகமாக நடந்து பாருங்கள். காசு கொடுத்து வாங்கும் எந்தப் பொருளையும்விட அது உதவும்.

தண்ணீரும் உப்பும்

இந்த ஈரத்தில் மலை ஏறும்போது மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை வியர்வையாகப் போகும், சிலருக்கு அதற்கு மேலும் போகும். உலு பெண்டுலிலிருந்து அங்சி ஏறி இறங்க நிதானமாக நடப்பவருக்கு ஐந்து மணி நேரமாவது வேண்டும். புக்கிட் புத்துஸ் பக்கத்துப் பாதை தூரம் குறைவு, செங்குத்து அதிகம். எந்தப் பக்கம் போனாலும் ஆளுக்கு மூன்று லிட்டர். கனமாக இருக்கிறது என்று காரில் ஒரு போத்தலை விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அந்தப் போத்தலின் நினைவு இறங்கும்போது வரும்.

வெறும் தண்ணீரையே மடமடவென்று குடித்துக்கொண்டிருப்பதும் ஆபத்து. வியர்வையோடு உப்பும் போகிறது. தண்ணீர் மட்டும் உள்ளே போனால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலி, குமட்டல், குழப்பம், கடைசியில் வலிப்புகூட வரும். அதனால் மூன்றில் ஒரு போத்தலில் ஓ.ஆர்.எஸ். கலந்துகொள்ளுங்கள். மருந்தகத்தில் பொட்டலமாகக் கிடைக்கும். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். கெட்டியாகக் கலந்தால் வயிற்றைப் புரட்டும். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டிப் போடுங்கள். நம்மவர்களின் கை தானாகத் தேடும் 100பிளஸ் 1983-இல் ஃபிரேசர் அண்ட் நீவ் கொண்டுவந்த பானம். நடுவே ஒரு டின் குடிப்பதில் தவறில்லை, ஆனால் அதன் உப்பு ஓ.ஆர்.எஸ். அளவுக்கு வராது, சர்க்கரையும் கணக்கில் வரும்.

குடிநீரில் பாதி தீர்ந்தும் உச்சி வரவில்லையா? திரும்பிவிடுங்கள். ஓடைத் தண்ணீர் பளிங்காகத் தெரிந்தாலும் அப்படியே வாயில் வைக்காதீர்கள். காரணம் கடைசிப் பகுதியில் வருகிறது.

பால் வெட்டியவர்களின் உடுப்பு

பால் வெட்டப் போகும் பெண்களின் பழைய படங்களைப் பார்த்திருப்பீர்கள். முழுக்கைச் சட்டை, கைலிக்குக் கீழே நீளக் கால்சட்டை, அதன் முனையை உள்ளே திணித்த காலுறை, தலையை இறுக்கிக் கட்டிய துணி, நெற்றியில் விளக்கு, இடுப்பில் டின்னுக்குள் புகையும் கொசுவத்தி. வறுமையின் கோலம் என்று அதைப் பார்த்துப் பழகிவிட்டோம். உண்மையில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வேலை இருந்தது. கொசு, அட்டை, லாலான் புல்லின் கீறல், புல்லில் காத்திருக்கும் உண்ணிப்பூச்சி, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே உடுப்புதான் பதில்.

இன்றைய மலையேறிக்கும் அதேதான். மெல்லிய, சீக்கிரம் காயும் முழுக்கை ஜெர்சி, முழுநீளக் கால்சட்டை, அதன் முனை காலுறைக்குள். அட்டைக்காகவென்றே நெருக்கமாக நெய்த முழங்கால் வரையான காலுறைகள் விற்கிறார்கள், வாங்கலாம். ஜீன்ஸ் மட்டும் வேண்டாம். நனைந்தால் இரண்டு மடங்கு கனக்கும், தொடையை உரசிப் புண்ணாக்கும். பையில் மாற்றுச் சட்டை ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வையுங்கள். மத்தியான மழையில் நனைந்து உச்சிக் காற்றில் நின்றால் இந்த நாட்டிலும் உடம்பு நடுங்கும்.

கொசுவத்தியைக் காட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். வறண்ட வாரங்களில் ஒரு பொறி போதும். டீட் கலந்த பூச்சி விரட்டியைத் தோலிலும் காலுறை விளிம்பிலும் பூசிக்கொள்ளுங்கள்.

காலுக்கு, தோட்டத்து மலிவான கறுப்பு ரப்பர் சப்பாத்தைச் சொல்லாமல் விட முடியாது. ‘அடிடாஸ் கம்போங்’ என்று கேலியாகப் பெயர் வாங்கிய அதைத்தான் மலை வழிகாட்டிகள் பலர் இன்றும் போட்டுக்கொண்டு, விலையுயர்ந்த பூட்ஸ்காரர்களைச் சேற்றில் தாண்டிப் போகிறார்கள். அடியில் இருக்கும் குமிழ்கள் ஈர மண்ணைப் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் உள்ளே தங்காது, விலையும் அற்பம். வழக்கமாக மலை ஏறுகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் அதில் மெத்தை கிடையாது. முழங்கால் தேய்மானம் உள்ளவருக்கும், இனிப்புநீரால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கும் அது ஆகாது. உள்ளே ஒரு கல் புகுந்து மூன்று மணி நேரம் அறுத்தாலும் அவர்களுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து காலுறையில் இரத்தம் பார்த்துத்தான் தெரியும்.

விளக்கும் கடிகாரமும்

காலையில்தானே போகிறோம், விளக்கு எதற்கு என்று கேட்பார்கள். ஒருவர் கால் பிசகிக்கொண்டால் மொத்தக் குழுவும் நொண்டி வேகத்தில்தான் இறங்கும். ஏழு மணிக்கு மேல் சூரியன் மறைந்தாலும் மரங்களுக்கு அடியில் ஆறரைக்கே வழி மங்கிவிடும். கைப்பேசி விளக்கு பேட்டரியைத் தின்றுவிடும், அப்புறம் 999-ஐ அழைக்கப் பேசியும் இருக்காது. நெற்றியில் கட்டும் விளக்கு ஒன்று, கூடவே ஒரு விசில். இரண்டும் சேர்த்து நூறு கிராம்கூட வராது.

பாலைச் சூரியன் ஏறும் முன் வெட்டியதற்குக் காரணம், விடியலில் மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்து பால் நன்றாக ஓடும் என்பது. மரத்துக்காக வைத்த அந்த நேரம் மனிதருக்கும் பொருந்துகிறது. ஏழு மணிக்கு ஏறத் தொடங்கினால் பன்னிரண்டுக்குள் கீழே இருக்கலாம். பருவ மாற்ற மாதங்களில் இடியும் மின்னலும் பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். மேலே மழை பெய்தால், நீங்கள் நிற்கும் இடம் காய்ந்திருந்தாலும், ஓடை திடீரெனக் கலங்கிப் பெருகும். கெப்பாலா ஆயர் என்று மலாய்க்காரர்கள் சொல்வது அதைத்தான். 2021 ஆகஸ்டில் கெடாவின் ஜெராய் மலையடிவாரத்தில் அது உயிர்களைக் கொண்டுபோனது. தண்ணீர் நிறம் மாறினால் அந்தக் கணமே கரையேற வேண்டும்.

அனுமதிச் சீட்டு, வழிகாட்டி விதிகளை மாநில வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டப் பாதையென்றால் நிர்வாகத்திடம் கேளுங்கள்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள்

2019 தேசிய சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியர்களில் வயது வந்தோரில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. அதாவது பத்துப் பேர் கொண்ட நம் மலையேற்றக் குழுவில் மூன்று பேர். அதில் ஒருவருக்காவது அது தெரிந்திருக்காது.

இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிக்லசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஏற்றத்தில் சர்க்கரை சட்டென இறங்கலாம். பசியாறாமல் ஏறவே கூடாது. குளுக்கோஸ் வில்லையோ நான்கைந்து மிட்டாயோ பைக்குள் வேண்டாம், சட்டைப் பையில் இருக்கட்டும். கை நடுங்கும்போது பையின் ஜிப்பைத் திறக்க முடியாது. இன்சுலினை வெயிலில் நிற்கும் காரில் விட்டால் கெட்டுவிடும். எம்பகிளிஃப்ளோசின், டபகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளும், இரத்த அழுத்தத்துக்கான நீர் பிரிக்கும் மாத்திரைகளும் உடம்பின் தண்ணீரை இன்னும் குறைக்கும். சளிக்கும் அரிப்புக்கும் போடும் பிரிட்டோன் போன்றவை வியர்வையையே தடுக்கக்கூடியவை. எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். மலைக்குப் போகிறேன், அன்றைக்கு எப்படி எடுத்துக்கொள்வது என்று மருத்துவரிடம் கேளுங்கள். அட்டை கடித்தால் பயமில்லை, நகத்தால் வாயை நெம்பி எடுத்துவிட்டுக் கழுவிக் கட்டுங்கள். வார்ஃபரின் எடுப்பவருக்கு மட்டும் இரத்தம் நிற்க நேரமாகும், கட்டுத்துணி கூடுதலாக வேண்டும்.

கூட வந்தவர் உளறினால்

வெப்பத் தாக்கு வந்தவருக்கு வியர்வை நின்றுபோகும் என்று பலர் நினைக்கிறார்கள். நடந்து களைத்தவருக்கு வியர்த்துக்கொண்டே வெப்பத் தாக்கு வரலாம். பார்க்க வேண்டியது பேச்சையும் நடையையும்தான். சம்பந்தமில்லாமல் பேசுகிறார், எரிந்து விழுகிறார், தள்ளாடுகிறார், பேரைக் கேட்டால் தடுமாறுகிறார் என்றால் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம் என்றே நடந்துகொள்ளுங்கள்.

உடனே படுக்க வைத்து மேற்சட்டையைக் கழற்றுங்கள். இருக்கிற தண்ணீரை எல்லாம் அவர் மேல் ஊற்றி, தொப்பியாலோ பலகையாலோ விடாமல் விசிறுங்கள். நனைத்த துணியைக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். முதலில் குளிர்விக்க வேண்டும், தூக்கிக்கொண்டு ஓடுவது அப்புறம். சுயநினைவு சரியில்லாதவர் வாயில் தண்ணீர் புகட்டாதீர்கள், புரையேறும். பனடோல் இந்தச் சூட்டை இறக்காது. பையில் ஒரு மெல்லிய பருத்தித் துண்டு இருந்தால் இத்தனைக்கும் அது ஒன்றே போதும்.

பத்து நாள் கழித்து வரும் காய்ச்சல்

எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்தும் சேற்றிலிருந்தும் வருவது லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் எலிக்காய்ச்சல். கீறல் வழியாகவும் கண், வாய் வழியாகவும் கிருமி நுழையும். பெரும்பாலும் ஐந்திலிருந்து பதினான்கு நாளில் காய்ச்சல் வரும். 2010-இல் பகாங் லுபுக் யூ வனப் பூங்காவில், மூழ்கியவரைத் தேட நீரில் இறங்கியவர்கள் சிலரே இதனாலும் மெலியோய்டோசிஸ் என்ற மண்கிருமி நோயாலும் தாக்கப்பட்டு, அவர்களில் பலர் இறந்துபோனார்கள்.

அடுத்தது உண்ணிப்பூச்சி தரும் புதர்க்காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸ். 1920-களில் மலாயாவின் செம்பனைத் தோட்டத் தொழிலாளர்களிடம் இதைக் கண்டு ஆராய்ந்தவர்கள் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக்கழகத்தார். 1948-இல் குளோரம்ஃபெனிகால் மருந்து இந்த நோய்க்கு முதன்முதலில் கொடுத்துப் பார்க்கப்பட்டதும் அங்கேதான். இன்றைக்கு டாக்ஸிசைக்ளின் போதும், நோய் இன்னதென்று காலத்தோடு தெரிந்தால். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போன்ற, வலியில்லாத கறுப்புப் பொருக்கு இருக்கும். இடுப்புப் பட்டைக்கு அடியிலும், அக்குளிலும், தொடை இடுக்கிலும் மறைந்திருப்பதால் நோயாளியே கவனிப்பதில்லை.

காய்ச்சல் என்றதும் கிளினிக்கில் முதலில் டெங்கி சோதனைதான் செய்வார்கள். அது சரிதான். ஆனால் மலைக்குப் போனதை நீங்கள் சொன்னால்தான் மற்றவை அவர்கள் நினைவுக்கு வரும். எந்தத் தேதியில் எந்த மலை, ஓடையில் இறங்கினீர்களா, காலில் புண் இருந்ததா என்று மூன்றையும் கேட்காமலே சொல்லிவிடுங்கள். டெங்கி இல்லை என்று அனுப்பிய பிறகும் மூன்றாம் நாள் காய்ச்சல் தொடர்ந்தாலோ, கெண்டைக்கால் கடுமையாக வலித்தாலோ, கண் சிவந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ மறுபடி போங்கள். பொருக்கு இருந்தால் கூச்சப்படாமல் காட்டுங்கள்.