பிரித்துப் பூட்டலாம், ஓட்டி மகிழலாம்: ஆர்.சி. கார் எனும் பொழுதுபோக்கு

கம்ப்யூட்டர் இதழில் ரிமோட் காருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "இந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது? திறந்து பார்க்கலாமா? ஏதாவது கெட்டுப் போனால் அதை மட்டும் மாற்ற முடியுமா?" இதே கேள்விகளுக்கு நல்ல பதில் தரும் இன்னொரு பொருள் ரேடியோ கண்ட்ரோல் கார். சுருக்கமாக ஆர்.சி. கார் என்பார்கள். பல ஆண்டுகளாக இவற்றைப் பூட்டுவதும், வீட்டுக் கொல்லையில் ஓட்டுவதும் என் பொழுதுபோக்கு. 1999-ல் வெளியான ரீ-வோல்ட் என்ற கேமில் இத்தகைய கார்களைத் திரையில் ஓட்டியவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். அதே காரை நம் கையால் செய்து, மண்ணில் ஓட்டுவது எப்படி என்று இங்கு காணலாம்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி

கடையில் பளபளப்பான அட்டைப் பெட்டியில் விற்கப்படும் ரிமோட் கார்களில் பெரும்பாலானவை பொம்மை வகை. சிக்னலை வாங்குவது, மோட்டாரை இயக்குவது, திருப்புவது என எல்லா வேலைகளையும் ஒரே சர்க்யூட் போர்டு பார்த்துக் கொள்ளும். உள்ளே ஒரு சின்னப் பல்சக்கரம் உடைந்தால் போதும். அதற்கு மாற்று கிடைக்காது. பிறந்த நாளுக்கு வாங்கித் தந்த கார் அடுத்த வாரமே பரணுக்குப் போய்விடும். குழந்தைக்கு ஏமாற்றம், நமக்குப் பண நஷ்டம்.

இரண்டாவது வகையை ஹாபி கிரேடு என்பார்கள். இதில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனி எண் உண்டு. அந்த எண்ணைச் சொல்லி அந்தப் பாகத்தை மட்டும் வாங்கலாம். எனவே கடைக்காரரிடம் வேகம் எவ்வளவு, விலை எவ்வளவு என்று கேட்பதற்கு முன், "இதன் உதிரி பாகங்கள் தனியாகக் கிடைக்குமா?" என்று கேளுங்கள். பதில் "இல்லை" என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை வாங்க வேண்டாம்.

ஹாபி கிரேடு கார்களிலும் இரண்டு விதம் உண்டு. "ரெடி டு ரன்" என்பது முழுவதும் பூட்டி வருவது. "கிட்" என்பது உதிரியாக வருவது. நாம்தான் பூட்ட வேண்டும். புதியவர்களுக்கு நான் கிட்டையே சிபாரிசு செய்கிறேன். நாமே பூட்டிய காரில் எது எங்கே இருக்கிறது என்பது தெரியும் என்பதால், பழுதானாலும் நாமே சரி செய்துவிடலாம்.

போர்ஷே காரைப் பிரித்த கம்பெனி

இந்தத் துறையில் அதிகம் அறியப்பட்ட பெயர் ஜப்பானின் தமியா. ஷிசுவோகா நகரில் 1946-ல் தொடங்கப்பட்ட நிறுவனம் இது. இதன் முதல் ஆர்.சி. கார், 1976-ல் வந்த போர்ஷே 934. நிஜக் காரில் 12-ல் ஒரு பங்கு அளவில் இருந்தது. மாடலின் நுணுக்கங்கள் சரியாக அமைய வேண்டும் என்பதற்காக, ஷுன்சாகு தமியா நிஜமான போர்ஷே 911 கார் ஒன்றையே வாங்கி, அதைப் பிரித்துப் பார்க்கச் செய்தார். பிரித்துப் பார்த்தால்தான் புரியும் என்ற எண்ணத்தில் பிறந்த பொழுதுபோக்கு இது எனலாம்.

1984-ல் தமியா வெளியிட்ட ஹார்னெட், கிராஸ்ஹாப்பர் ஆகிய இரண்டும் மண்தரையில் ஓடும் பக்கி வகைக் கார்கள். பாகங்கள் குறைவு, அமைப்பு எளிது, அடி தாங்கும். உலகெங்கும் பல சிறுவர்களின் முதல் ஆர்.சி. கார் இவைதான். ஹார்னெட் 2004-லும், கிராஸ்ஹாப்பர் 2005-லும் மீண்டும் வெளியிடப்பட்டன. இருபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு மாடல் திரும்பி வந்தால், பழைய காரை வைத்திருப்பவருக்கும் பாகம் கிடைக்கிறது.

கொல்லைப்புறத்தில் மண்ணும் சிறு கற்களும் இருந்தால் பக்கி வகையே ஏற்றது. சிமெண்ட் தளம் மட்டும்தான் என்றால், டிடி-02 போன்ற தாழ்வான சாலைக் கார்களை வாங்கலாம். இவற்றை மண்ணில் ஓட்டினால் அடித்தட்டு தரையில் உரசும்.

உள்ளே என்ன இருக்கிறது?

அசெம்பிள்டு கம்ப்யூட்டரில் மதர்போர்டு, ராம், ஹார்டு டிஸ்க் எனத் தனித்தனியாக வாங்குவது போல, இங்கும் பாகங்கள் தனித்தனி.

1. டிரான்ஸ்மிட்டர்: உங்கள் கையில் இருக்கும் கருவி. துப்பாக்கி வடிவில் ஒரு விசையும், பக்கத்தில் சிறு சக்கரமும் இருக்கும்.

2. ரிசீவர்: காரில் இருப்பது. வந்த சிக்னலைப் பிரித்து, திருப்புவதற்கு ஒரு வழியிலும், வேகத்துக்கு இன்னொரு வழியிலும் அனுப்பும்.

3. சர்வோ: முன் சக்கரங்களைத் திருப்பும் மோட்டார். ரிசீவரிலிருந்து விநாடிக்குச் சுமார் 50 முறை ஒரு மின்துடிப்பு இதற்கு வரும். துடிப்பின் நீளம் 1.5 மில்லி விநாடி என்றால் சக்கரம் நேராக நிற்கும். அது 1 மில்லி விநாடியை நோக்கிக் குறைந்தால் ஒரு பக்கமும், 2 மில்லி விநாடியை நோக்கிக் கூடினால் மறு பக்கமும் திரும்பும். விரல் அசையும் அளவுக்கே சக்கரமும் அசைவது இதனால்தான்.

4. ஸ்பீடு கண்ட்ரோலர்: பேட்டரியின் மின்சாரத்தை மிக வேகமாக விட்டு விட்டுத் தந்து மோட்டாரின் வேகத்தைக் கூட்டும், குறைக்கும். இதற்குள் ஒரு குட்டி மைக்ரோ கண்ட்ரோலர் இருக்கிறது.

5. மோட்டாரும் பேட்டரியும்.

டிரான்ஸ்மிட்டர், சார்ஜர் இரண்டையும் ஒருமுறை நல்லதாக வாங்கிவிட்டால் அடுத்த காருக்கும் பயன்படும். கிட் பெட்டியில் இவை பொதுவாக இருக்காது. பெட்டியின் மேல் "தனியே வாங்க வேண்டியவை" என்ற பட்டியல் இருக்கும். அதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இரண்டு கார் மோதிக் கொள்ளாத ரகசியம்

முன்பு இந்தக் கார்கள் 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடின. டிரான்ஸ்மிட்டரிலும் ரிசீவரிலும் ஜோடியாக ஒரு கிரிஸ்டல் பொருத்த வேண்டும். இருவர் ஒரே கிரிஸ்டலை வைத்திருந்தால், ஒருவர் விசையை அழுத்த இன்னொருவரின் கார் பாயும். அதனால் பந்தயத்துக்கு முன் யாரிடம் எந்தக் கிரிஸ்டல் என்று கேட்டுக் கொள்வது வழக்கம்.

இன்று ஹாபி கிரேடு கார்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. வை-பியும் புளூடூத்தும் பயன்படுத்தும் அதே அலைவரிசைதான். முதன்முறை டிரான்ஸ்மிட்டரையும் ரிசீவரையும் அறிமுகம் செய்து வைக்க வேண்டும். இதனை "பைண்டிங்" என்பார்கள். போனையும் ஹெட்செட்டையும் இணைப்பது போன்றதே இது. அதன்பின் அந்த ரிசீவர் தன் டிரான்ஸ்மிட்டரின் பேச்சை மட்டுமே கேட்கும். பத்துக் கார்கள் ஒன்றாக ஓடினாலும் குழப்பம் இராது.

ஒன்றை மறக்க வேண்டாம். முதலில் டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்திடவும், பிறகு காரை. அணைக்கும்போது முதலில் காரை அணைத்திடவும். மாற்றிச் செய்தால், கட்டளை தர ஆளில்லாத கார் தன் போக்கில் ஓடக்கூடும்.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை

பாகங்கள் பிளாஸ்டிக் சட்டத்தில் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். பக்கத்தில் எண் இருக்கும். எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டி எடுத்துவிடாதீர்கள். கையேட்டில் அந்தப் படி வரும்போது அந்தப் பாகத்தை மட்டும் வெட்டுங்கள். திருகுகளை ஒரு தட்டில் கொட்டி வைத்துக் கொண்டால் தொலையாது.

ஜப்பானியக் கிட்டுகளின் திருகுத் தலை, வழக்கமான பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவருக்கு முழுமையாகப் பொருந்தாது. ஜே.ஐ.எஸ். வகை ஸ்க்ரூடிரைவர் ஒன்று இருந்தால் தலை தேயாமல் தப்பிக்கும். பிளாஸ்டிக்கில் திருகு இறங்கும்போது, தலை தட்டையாகப் பதிந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் முறுக்கினால் உள்ளே மரை போய்விடும்.

சர்வோவைக் காரில் பொருத்தும் முன் ரேடியோவை ஆன் செய்து, சர்வோவை நடு நிலையில் நிறுத்திக் கொள்ளுங்கள். இந்த ஒரு நிமிட வேலையை விட்டுவிட்டால், கார் ஒரு பக்கம் நன்றாகத் திரும்பி மறு பக்கம் திரும்ப மறுக்கும். எல்லாவற்றையும் மீண்டும் கழற்ற வேண்டியிருக்கும்.

கம்ப்யூட்டரில் முதல் அப்கிரேடாக ராம் போடுவது போல, இங்கு முதல் அப்கிரேடு பால் பேரிங். பல கிட்டுகளில் அச்சைத் தாங்க பிளாஸ்டிக் புஷ்தான் தரப்படும். மண் புகுந்தால் அது தேய்ந்து சக்கரம் ஆடத் தொடங்கும். பூட்டும்போதே பேரிங் போட்டுவிடுங்கள்.

பேட்டரியில் அலட்சியம் கூடாது

இந்தப் பொழுதுபோக்கில் உண்மையான ஆபத்து உள்ள இடம் இதுதான். தொடங்குபவர்களுக்கு 7.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி போதும். 1.2 வோல்ட் செல்கள் ஆறு சேர்ந்தது, முரட்டுத்தனத்தைத் தாங்கும்.

லித்தியம் பாலிமர், அதாவது லிப்போ, எடை குறைவு, சக்தி அதிகம். ஆனால் ஒழுங்கு தேவை. ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக் கூடாது. 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. அதற்குரிய பேலன்ஸ் சார்ஜரில், லிப்போ என்று தேர்ந்தெடுத்துத்தான் சார்ஜ் செய்திட வேண்டும். நிக்கல் பேட்டரிக்கான முறையில் சார்ஜ் செய்தால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. ஸ்பீடு கண்ட்ரோலரிலும் லிப்போ என்று அமைத்திடுங்கள். சிலவற்றில் இதற்குப் பழைய ஹார்டு டிஸ்க்கில் பார்த்தது போன்ற சின்ன ஜம்பர் இருக்கும்.

எந்த பேட்டரி என்றாலும், ஆள் இல்லாத வீட்டிலோ தூங்கும் நேரத்திலோ சார்ஜில் போடாதீர்கள். தலையணை, திரைச்சீலை அருகில் வேண்டாம். சிமெண்ட் தரையிலோ டைல்ஸ் மேலோ வையுங்கள். உப்பிய லிப்போவை அன்றோடு ஓட்டுவதையும் சார்ஜ் செய்வதையும் நிறுத்திடுங்கள். குழந்தைகளிடம் காரைத் தரலாம். சார்ஜரை நீங்களே வைத்துக் கொள்ளுங்கள்.

கொல்லையில் ஒரு பந்தயம்

பாதைக்குத் தோட்டத்து ஹோஸ் குழாயே போதும். ஒன்றரை மீட்டர் அகலம் விட்டு இரண்டு வளைவு இடப்புறமும், மூன்று வலப்புறமும் அமைத்தால் பாதை சுவையாக இருக்கும். செங்கல்லை ஓரமாக வைக்காதீர்கள். முன் அச்சு உடையும்.

விதி எளிது. ஐந்து நிமிடத்தில் அதிகச் சுற்று முடித்தவர் வெற்றி. எல்லோரும் ஒரே இடத்தில் நின்று ஓட்ட வேண்டும். காரின் பின்னால் ஓடக் கூடாது. ஒரு பந்தயத்தில் ஓட்டியவர்கள் அடுத்ததில் பாதையோரம் நின்று, கவிழ்ந்த கார்களை நிமிர்த்தி விட வேண்டும். கிளப் பந்தயங்களிலும் இதுதான் நடைமுறை. சின்னக் குழந்தைகளைப் பாதைக்குள் விட வேண்டாம். ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள கார் கணுக்காலில் மோதினால் நன்றாகவே வலிக்கும். அதே காரணத்துக்காகத் தெருவிலும் ஓட்டாதீர்கள்.

கம்ப்யூட்டருக்கு வேலை

தமியா கிட்டுகள் பலவற்றின் கையேடுகள் இணையத்தில் பி.டி.எப். பைல்களாகக் கிடைக்கின்றன. கிட் வாங்கும் முன்பே டவுன்லோட் செய்து படித்தால், உங்களால் பூட்ட முடியுமா என்பது தெரிந்துவிடும்.

எக்ஸெல்லிலும் வேலை இருக்கிறது. டிடி-02 காரில் பெரிய பல்சக்கரத்துக்கு 70 பற்கள். மோட்டாரில் உள்ள பினியனுக்கு 22. எழுபதை 22-ஆல் வகுத்து, கியர்பெட்டியின் விகிதமான 2.6-ஆல் பெருக்கினால் 8.27 வரும். அதாவது மோட்டார் 8.27 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். பினியனை 25 ஆக்கினால் 7.28. நேர்ப்பாதையில் வேகம் கூடும். மோட்டாரும் கூடுதலாகச் சூடாகும். இந்தக் கணக்கை ஒரு ஷீட்டில் போட்டு வைத்தால் எண்ணை மாற்றி மாற்றிப் பார்க்கலாம். எந்தப் பினியன் பொருந்தும் என்பதைக் கையேட்டின் அட்டவணையில் காணலாம்.

இன்னொரு ஷீட்டில் ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் எழுதி வரைபடம் போடுங்கள். எங்கள் கொல்லையில் நான் கண்டது இது: மிக வேகமான ஒரு சுற்றை ஓட்டியவர் வெல்வது அரிது. எல்லாச் சுற்றையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் முடிப்பவர்தான் பெரும்பாலும் வெல்கிறார். கோடு ஏறி இறங்காமல் இருக்கும்படி ஓட்டிப் பழகுங்கள்; வேகம் தானே வரும்.

ஓட்டி முடித்ததும் பிரஷ்ஷால் மண்ணைத் தட்டி, ஆடும் திருகுகளை இறுக்கி வையுங்கள். ஏதாவது உடைந்தால் கவலை வேண்டாம். கையேட்டைத் திறந்து பாகத்தின் எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். அந்த ஒரு பாகத்தை வாங்கி மாற்றினால் கார் மறுபடி ஓடும். ஒருமுறை இப்படிச் செய்து பார்த்தவருக்கு, கம்ப்யூட்டரின் மூடியைத் திறந்து ஒரு ராமைப் பொருத்துவதும் பெரிய காரியமாகத் தோன்றாது.