டி.வி. பார்ப்போர் கணக்கில் நீங்கள் உண்டா?

இரவு மணி 9. தாராவியில் 90 அடி சாலையை ஒட்டிய ஒரு சந்து. மாடியில் ஒரே அறை. அதில் ஆறு பேர். இருவர் தோல் பட்டறையில் வேலை செய்கிறவர்கள். ஒருவர் இட்லி வியாபாரம். மற்ற மூவர் கட்டிட வேலைக்குப் போகிறவர்கள். அறையில் டி.வி. பெட்டி கிடையாது. எவர்சில்வர் தம்ளரில் சாய்த்து வைத்த செல்போன்தான் அவர்களுக்கு டி.வி. அதில் கிரிக்கெட் ஓடுகிறது. சோற்றுத் தட்டும் கையுமாக ஆறு பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதே நேரம், டோம்பிவிலியில் ஒரு குமாஸ்தாவின் வீடு. முந்தின நாள் விட்டுப்போன நாடகத்தில் பாதியைக் காலையில் லோக்கல் ரெயிலில் நின்றுகொண்டே செல்போனில் பார்த்து விட்டார். மதியம் சாப்பாட்டு வேளையில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் கொஞ்சம் பார்த்தார். மிச்சத்தை இப்போது வீட்டு ஸ்மார்ட் டி.வி.யில் பார்க்கிறார்.

இந்த இரண்டு இடங்களிலும் பார்த்தவர்கள் மொத்தம் எத்தனை பேர்?

ஏழு பேர் என்று சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் கருவியை மட்டும் எண்ணும் கணக்கில் விடை நான்கு! தாராவி அறையில் ஒரு கருவி. குமாஸ்தாவின் கையில் மூன்று கருவிகள். அங்கே ஆறு பேர் ஒருவராகச் சுருங்கினார்கள். இங்கே ஒருவர் மூவராகப் பெருகினார்.

இது பொழுதுபோக்குக் கணக்கு அல்ல. எந்த நிகழ்ச்சிக்கு எவ்வளவு விளம்பரப் பணம், எந்த நாடகம் நீடிக்கும், எது பாதியில் நிற்கும், எந்த மொழிக்கு எத்தனை நிகழ்ச்சி என்பதெல்லாம் இந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான் முடிவாகிறது. எண்ணிக்கையில் இல்லாதவருக்குப் பந்தியில் இலை இல்லை!

ஒரு பானைக் காலம்

பம்பாய் டெலிவிஷன் நிலையம் 1972 அக்டோபர் 2-ந் தேதி தொடங்கியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்டு 15-ந் தேதி தொடங்கியது. அப்போது இருந்தது ஒரே தூர்தர்ஷன். எந்தச் சேனலைப் பார்த்தீர்கள் என்ற கேள்விக்கே இடமில்லை. எந்த நிகழ்ச்சி ஜனங்களுக்குப் பிடிக்கிறது என்று அறிய, சில குடும்பங்களிடம் டைரி கொடுத்து எழுதி வாங்கினார்கள்.

சேனல்கள் பெருகியதும் டைரி போதவில்லை. மறதி உண்டு, பார்க்காததைப் பார்த்ததாக எழுதுவதும் உண்டு. ஆகவே மீட்டர் வந்தது.

இன்று இந்தியாவில் டி.வி. கணக்கு எடுப்பது, ‘பார்க்’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒளிபரப்பு நேயர் ஆய்வுக் கவுன்சில். சேனல் முதலாளிகள், விளம்பரம் கொடுப்போர், விளம்பர ஏஜென்சிகள் ஆகிய மூன்று தரப்பினரின் சங்கங்கள் சேர்ந்து நடத்தும் அமைப்பு இது. 2015-ம் ஆண்டு முதல் கணக்கு வெளியிடுகிறது.

அதன் வேலை முறை சுவையானது. சேனலின் ஒலியோடு ஒரு ரகசியக் குறியீட்டைக் கலந்து அனுப்புகிறார்கள். நம் காதுக்கு அது கேட்காது. தேர்ந்தெடுத்த வீட்டில் டி.வி.யோடு இருக்கும் மீட்டர் மட்டும் அதைக் கண்டுகொள்ளும். எந்தச் சேனல், எத்தனை மணிக்கு என்பது அதில் பதிவாகிவிடும். பார்ப்பது யார்? அதற்கு ஒரு ரிமோட் உண்டு. அப்பாவுக்கு ஒரு பொத்தான், அம்மாவுக்கு ஒரு பொத்தான், பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பொத்தான். உட்காரும்போது அவரவர் பொத்தானை அமுக்க வேண்டும்.

பிறகு சராசரி போடுகிறார்கள். அரை மணி நேர நாடகம் ஒன்று. நாலு பேர் உள்ள வீட்டில் இருவர் முழுக்கப் பார்த்தார்கள். ஒருவர் 15 நிமிடம் பார்த்தார். ஒருவர் பார்க்கவில்லை. மொத்தம் 75 நிமிடம். அதை 30-ஆல் வகுத்தால் இரண்டரை. அந்த நாடகத்துக்கு அந்த வீட்டில் சராசரியாக இரண்டரை நேயர்! எட்டிப் பார்த்தவரையும் ஊன்றிப் பார்த்தவரையும் ஒன்றாக எண்ணாமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

ஒரு மீட்டருக்கு 4 ஆயிரம் வீடு

நாட்டில் டி.வி. உள்ள வீடுகள் சுமார் 23 கோடி என்றும், மீட்டர் உள்ளவை சுமார் 58 ஆயிரம் என்றும் 2025 ஜூலையில் மத்திய அரசு தெரிவித்தது. வகுத்துப் பாருங்கள். ஒரு மீட்டர் வீடு ஏறத்தாழ 4 ஆயிரம் வீடுகளுக்குப் பிரதிநிதி.

“இது போதுமா?” என்று கேட்கலாம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் அல்லவா? பானையை நன்றாகக் கிளறிவிட்டு எடுத்தால் சில பருக்கையே போதும். ஆனால் எந்தப் பருக்கையை எடுக்கப் போகிறார்கள் என்பது வெளியே தெரிந்துவிட்டால் அதை மட்டும் வேகவைத்துக் கொடுக்க ஆள் வந்துவிடும். அதனால்தான் மீட்டர் வீடுகளின் விலாசம் ரகசியம். சில மீட்டர் வீடுகளுக்குப் பணம் கொடுத்துக் குறிப்பிட்ட சேனலை ஓடவிடச் சொன்னதாக 2020 அக்டோபரில் மும்பையில்தான் புகார் கிளம்பியது. செய்திச் சேனல்களின் தனித்தனிக் கணக்கு அப்போது நிறுத்தப்பட்டு, 2022 மார்ச்சில்தான் மீண்டும் வெளிவந்தது. அந்த வழக்கு பின்னர் 2024-ல் திரும்பப் பெறப்பட்டது.

நாலு பானை ஆனது

இதுவரை சொன்னது ஒரு பானைக் கதை. இப்போது சோறு நாலு பானையில் வேகிறது. டி.வி. பெட்டி ஒன்று, செல்போன் ஒன்று, கம்ப்யூட்டர் ஒன்று, இன்டர்நெட் இணைத்த ஸ்மார்ட் டி.வி. ஒன்று.

இதில் ஸ்மார்ட் டி.வி. கதைதான் விசித்திரம். கேபிள் வழியாக ஒரு நாடகம் பார்த்தால் அது டி.வி. கணக்கு. அதே நாடகத்தை, அதே பெட்டியில், செயலி வழியாகப் பார்த்தால்? இன்டர்நெட் இணைத்த டி.வி.யில் பார்ப்பதை இப்போதைய முறை கணக்கில் எடுப்பதில்லை என்று 2025 ஜூலையில் அரசே சொன்னது. பெட்டி அதே, நாடகம் அதே, ஆளும் அதே. கணக்கில் மட்டும் இல்லை! கணக்கெடுக்கும் அமைப்பு ஒன்றே ஒன்றாக இருக்கும் நிலையை மாற்றி, மேலும் பல அமைப்புகள் வருவதற்கு வழிவிடும் வரைவையும் அரசு அப்போது வெளியிட்டது.

இன்டர்நெட் கம்பெனிகளிடம் கணக்கே இல்லை என்று பொருள் அல்ல. அவர்களுடைய சர்வரில் ஒவ்வொரு கருவியும், ஒவ்வொரு நொடியும் பதிவாகிறது. மாதிரி எடுக்க வேண்டிய தேவையே இல்லை, அத்தனையும் எண்ணலாம். ஆனால் எண்ணுவது கருவியை, மனிதரை அல்ல. தகப்பனாரின் பெயரில் உள்ள கணக்கில் பேரன் பொம்மைப் படம் பார்த்தால், 60 வயதுப் பெரியவருக்குப் பொம்மைப் படத்தில் ஆசை என்று சர்வர் நினைத்துக்கொள்ளும்.

ஆளுக்கொரு படி

இன்னொரு சங்கடமும் உண்டு. எவ்வளவு நேரம் பார்த்தால் ‘பார்த்தது’ ஆகும்? இதில் ஆளுக்கொரு படி வைத்து அளக்கிறார்கள்.

நெட்பிளிக்ஸ் கம்பெனி ஆரம்பத்தில் ஒரு பாகத்தில் 70 சதவீதம் பார்த்தால்தான் கணக்கு என்றது. 2020 ஜனவரியில் 2 நிமிடம் போதும் என்றது. 2021-ல் மொத்தம் எத்தனை மணி நேரம் என்று சொல்லத் தொடங்கியது. 2023-ல் அந்த மணி நேரத்தைப் படத்தின் நீளத்தால் வகுத்துத் தருகிறது. யூடியூப் தன் குறும்படங்களுக்கு, ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை என்று 2025 மார்ச் 31-ந் தேதி முதல் விதியை மாற்றியது. விரலால் தள்ளிவிட்டுப் போனாலும் நீங்கள் பார்த்தவர்தான்!

சொந்தப் படியில் அளப்பதில் தவறும் நேரும். வீடியோக்களைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதைத் தான் மிகைப்படுத்திக் காட்டிவந்ததாக 2016-ல் பேஸ்புக் ஒப்புக்கொண்டது. காரணம், 3 நொடிக்குக் குறைவாகப் பார்த்தவர்களை விட்டுவிட்டுச் சராசரி போட்டதுதான். வகுப்பில் தோற்ற பிள்ளைகளை நீக்கிவிட்டு சராசரி மார்க் சொன்னது போல!

ஓர் ஆட்டம், மூன்று எண்

2023 நவம்பர் 19. ஆமதாபாத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். இந்தியா ஆஸ்திரேலியாவிடம் தோற்ற அந்த நாளை யார் மறப்பார்கள்? அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் பற்றி மூன்று எண்கள் வந்தன. டி.வி.யில் பார்த்தவர்கள் 30 கோடி. டி.வி.யில் ஒரே நேரத்தில் பார்த்த உச்சம் 13 கோடி. ஹாட்ஸ்டார் செயலியில் ஒரே நேரத்தில் பார்த்த உச்சம் 5 கோடியே 90 லட்சம்.

மூன்றையும் கூட்டலாமா? கூடாது. முதல் எண், ஆட்டத்தின்போது எப்போதாவது கொஞ்ச நேரம் பார்த்த அனைவரையும் சேர்த்தது. இரண்டாவது, ஒரு குறிப்பிட்ட நேரத்தில் இருந்த கூட்டம். மூன்றாவது, அதேபோன்ற ஒரு நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த கருவிகள். செல்போனில் பாதி ஆட்டமும், வீட்டுக்கு வந்து டி.வி.யில் மீதி ஆட்டமும் பார்த்தவர் இரண்டு பக்கமும் இருப்பார். தாராவி அறையின் ஆறு பேரோ, மூன்றாவது எண்ணில் ஒன்றாகவே இருப்பார்கள்.

நம் கணக்கு என்ன?

மும்பைத் தமிழர்களுக்கு இதில் தனியாக ஓர் அக்கறை உண்டு. தமிழ் நிகழ்ச்சிகளுக்கென்று பார்க் அமைப்பு வாராவாரம் வெளியிட்டு வந்த முன்னணிப் பட்டியல் தமிழ்நாடு, புதுச்சேரிக்கு உரியது. மும்பையில் ஒரு தமிழ் வீட்டில் மீட்டர் இருந்தால், அது மராட்டியக் கணக்கில் சேரும்.

2011 மக்கள் தொகைக் கணக்குப்படி மராட்டியத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 5 லட்சம் பேர். வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்தால் ஒண்ணேகால் லட்சம் வீடு. 4 ஆயிரம் வீட்டுக்கு ஒரு மீட்டர் என்றால், ஏறத்தாழ 30 மீட்டர். இது நாம் கையால் போட்டுப் பார்த்த கணக்குதான். ஆயினும் விஷயம் புரியும். 30 வீட்டில் ஒரு வீட்டார் ஊருக்குப் போய்விட்டால் 3 சதவீதம் குறைந்துவிடும்! இவ்வளவு சிறிய எண்ணை நம்பி யாரும் மும்பைத் தமிழருக்கென்று நிகழ்ச்சி தயாரிக்க மாட்டார்கள்.

இங்கேதான் செல்போன் நமக்குக் கைகொடுக்கிறது. 2023 ஐ.பி.எல். போட்டிகளை ஜியோசினிமா 12 மொழி வர்ணனையோடு கொடுத்தது. தமிழும் அதில் ஒன்று. தமிழ் வர்ணனையைத் தேர்ந்தெடுத்த கருவி எந்த நகரத்தில் இருக்கிறது என்பதை சர்வர் ஏறக்குறைய அறியும். மீட்டர் கண்டுகொள்ளாத மும்பைத் தமிழரை செல்போன் கண்டுகொள்கிறது. ஆனால் ஆறு பேரை ஒருவராகவே கண்டுகொள்கிறது. ஒரு கண்ணுக்கு நம் மொழி தெரியவில்லை. மறு கண்ணுக்கு நம் கூட்டம் தெரியவில்லை!

வழி உண்டா?

பிரிட்டனில் 1981 முதல் இயங்கும் ‘பார்ப்’ அமைப்பு ஒரு வழி கண்டிருக்கிறது. சம்மதித்த வீடுகளில், டி.வி. மீட்டரோடு இன்டர்நெட் இணைப்புப் பெட்டியிலும் ஒரு மீட்டர் வைக்கிறது. அந்த வீட்டின் டி.வி., கம்ப்யூட்டர், செல்போன் எதில் பார்த்தாலும் பதிவாகும். பிறகு கம்பெனிகளின் கருவிக் கணக்கோடு அதை ஒட்டிப் பார்க்கிறார்கள். நாலு திரைகளையும் சேர்த்த கணக்கை 2018 முதல் தருகிறது.

கருவிக் கணக்கு அகலம் காட்டும். வீட்டுக் கணக்கு ஆழம் காட்டும். இரண்டும் சேர்ந்தால்தான் ஆள் கணக்கு. இதைவிட எளிதாக, எல்லாரையும் செல்போன் எண்ணை வைத்துப் பின்தொடர்ந்தால் என்ன என்று கேட்கலாம். அது எண்ணுவது அல்ல, வேவு பார்ப்பது. 2023-ல் இயற்றப்பட்ட தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தை வற்புறுத்துவது இதற்காகத்தான்.

நம் நாட்டில் அப்படி ஒரு முறை வரும்போது, குடும்பம் நடத்தும் வீடுகளை மட்டும் பார்த்தால் போதாது. பிழைக்க வந்த ஊரில் பலர் கூடித் தங்கும் அறைகளையும் மாதிரியில் சேர்க்க வேண்டும். அங்கே தம்ளரில் சாய்ந்திருக்கும் செல்போனும் ஒரு டி.வி.தான்.

அதுவரை, “இத்தனை கோடிப் பேர் பார்த்தார்கள்” என்ற விளம்பரம் கண்ணில் பட்டால் மூன்று கேள்வி கேளுங்கள். எண்ணியது ஆளையா, கருவியையா? எவ்வளவு நேரம் பார்த்தால் கணக்கு? எண்ணியவர் பொதுவானவரா, சரக்கு விற்கும் வியாபாரியேவா?

மூன்றுக்கும் பதில் கிடைத்தால் அது கணக்கு. கிடைக்காவிட்டால் அதுவும் ஒரு விளம்பரம்தான்!